பட்டறையில் பிறக்கும் பந்தயக் கார்

பந்தயக் கார் என்றதும் நம் இளைஞர் மனத்தில் இத்தாலி தேசத்துச் செந்நிற வாகனமொன்று தோன்றுவது இயல்பே. ஆயினும், அத்தகைய வாகனம் கற்பனையில் கருக்கொண்டு, காகிதத்தில் கோடாகி, குழாயும் தகடுமாய் உருவெடுத்து, ஒன்று பலவாகப் பெருகி, பந்தயத் தடத்தில் வெற்றி தோல்வியைச் சந்திக்கும் வரையிலான முழுச் சரித்திரமும், மதுரையிலிருந்து இருநூறு கிலோமீட்டர் சொச்சத்தில் உள்ள கோயம்புத்தூரில், ஒரு மனிதரின் சிரத்தையால் நிகழ்ந்திருக்கிறது.

மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினைக் கொண்டு சுந்தரம் கரிவரதன் வடிவமைத்த ஒற்றை இருக்கை 'ஃபார்முலா மாருதி' 1988-இல் களம் புகுந்தது. கார்கள் யாவும் ஒரே அச்சாய் இருந்தபடியால், பணபலம் பின்னுக்குப் போய், ஓட்டுபவரின் திறமையே பிரத்தியட்சமாய்த் தெரிந்தது. 1993-இல் அவ்வகைக் காரில் பந்தயம் ஓடிய நாராயண் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் களத்தை எட்டிய முதல் இந்தியரானார். கரிவரதனோ 1995-இல் விமான விபத்தில் காலமானார், கோவை செட்டிபாளையத்தின் 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆசையும் பணமும் இருந்தால் ஒரு காரை எவரும் செய்துவிடலாம். அச்சு அசலாக இரண்டாவது காரைச் செய்வதில்தான் சாஸ்திரம் இருக்கிறது. அதை நான் நேரில் கண்டது மதுரை தெற்கு வெளி வீதியை அடுத்த ஒரு பட்டறையில். பொறியியல் மாணவர்களின் போட்டிக் காருக்குச் சட்டம் ஒட்டிக்கொண்டிருந்த வெல்டிங் மேஸ்திரி, அசையாமல் பிடிக்கும் இரும்பு ஜிக்கில் குழாய்களைப் பூட்டி, மூலைக்கு மூலை டேப் பிடித்து, இரு குறுக்களவும் ஒன்றாகும் வரை சுத்தியலால் மெல்லத் தட்டினார்.

"சூடு பட்டா குழாய் இழுக்கும் தம்பி. இந்தப் பக்கம் பொட்டு மாதிரி ஒரு டேக் வெச்சா, எதிர்ப் பக்கமும் ஒண்ணு வெச்சுட்டுத்தான் முழுசா ஒட்டணும். இல்லேன்னா வண்டி நேரா ஓடாது" என்றார்.

"சரிண்ணே" என்று குறித்துக்கொண்டான் மாணவன்.

கம்ப்யூட்டர் திரையிலேயே யாவும் கணித்துவிடலாம் என்போர் உண்டு. அதிலும் உண்மை இல்லாமலில்லை. என் மனத்தை அரிக்கும் விசாரம் வேறு. 1912-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் போக்குவரத்தைத் தொடங்கிய நகரம் இம்மதுரை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோல் அரிதானபோது, கரிவாயுவால் வண்டியோட்டும் சாதனத்தையே அவர் ஸ்தாபனம் தயாரித்தது. அத்தகைய ஊரில், அந்த மேஸ்திரியிடம் சிஷ்யனாயிருந்த கடைசிப் பையன், வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உணவு டெலிவரிக்குப் போய்விட்டான். தீப்பொறியின் நிறத்தைக் கொண்டே ஒட்டின் பதத்தை அறியும் கண்ணும், தட்டிப் பார்த்தே தகட்டின் கோணலை உணரும் கையும் அவரோடு முடிந்துவிடுமானால், எத்தனை அழகிய வரைபடம் வந்தாலும் அதைக் காராக்க இவ்வூரில் யார் இருப்பார்கள்?

மதுரைச் சுற்றுவட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளுக்கு என் விண்ணப்பம் இதுதான்: ஒரு பருவமேனும் உங்கள் மாணவர்களை இத்தகைய பட்டறையில் வேலைக்கு அமர்த்துங்கள், போட்டிக்காகக் கோவை புறப்படும் வண்டியில் மேஸ்திரிக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். தாம் ஒட்டிய சட்டம் தடத்தில் ஓடுவதை அவர் இதுவரை பார்த்ததில்லை.