ஒரே மலை, இரண்டு தேர்தல்

ஒரே மலைதான். ஆனால், ஒரு பக்கம் உள்ளாட்சித் தேர்தல் முடிவு வந்து ஒன்றே முக்கால் வருஷம் கழித்துத்தான் மறுபக்கம் முடிவு வந்தது. எப்படி என்று யோசிக்கிறீர்களா, நேயர்களே?

அது சாமைக்கும் தேனுக்கும் பேர்போன நம்ம ஜவ்வாது மலை! ஜமுனாமரத்தூர் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம். புதூர்நாடு பக்கமோ வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் புதிதாகப் பிறந்த திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. அடுத்த மாதமே ஊரக உள்ளாட்சித் தேர்தல். மாவட்டம் பிரிந்த இடங்களில் வார்டு எல்லையை முதலில் சரிசெய்யுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். தேர்தல் அங்கே தள்ளிப்போனது.

ஜமுனாமரத்தூர் மக்களுக்கு 2020 ஜனவரியிலேயே முடிவு தெரிந்துவிட்டது. புதூர்நாட்டுக்காரர்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். குடிதண்ணீர், தெருவிளக்கு என்று முறையிட, தாங்களே தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர் இல்லாத காலம் அது. மலைக்கிராமத்துக்கு அது சின்ன விஷயமா என்ன?

இரண்டு பக்கமும் ஒன்று மட்டும் மாறவில்லை. ஊராட்சித் தலைவருக்கான ஓட்டு மெஷினில் இல்லை, கட்சிச் சின்னம் இல்லாத இளஞ்சிவப்புச் சீட்டில்தான் விழுந்தது.