கள ஆய்வுத் தரவும் பல்கலைக்கழகத் தரவு உதவிப் பிரிவும்: பழனிமலைப் பூண்டியை முன்வைத்து

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி வழியாகச் செல்லும் மலைப்பாதையில் அமைந்த ஊர் பூண்டி. இவ்வூரின் வேளாண் வழக்குச் சொற்களைத் திரட்ட முனையும் தமிழாய்வாளர் ஒருவர், தம் பல்கலைக்கழகத்தின் தரவு உதவிப் பிரிவை அணுகுவதாகக் கொள்ளலாம். அங்கு அவர் எதிர்கொள்ளும் முதல் வினா 'எந்தப் பூண்டி?' என்பதாகவே இருக்கும். திருவள்ளூர் மாவட்டத்தில் நீர்த்தேக்கத்தால் அறியப்படும் பூண்டி ஒன்று. தஞ்சை மாவட்டத்தில் மாதா பேராலயத்தால் அறியப்படும் பூண்டி மற்றொன்று. கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி அடிவாரத்திலும் ஒரு பூண்டி உண்டு. ஆய்வேட்டில் அடிக்குறிப்பு ஒன்றால் தீரும் இம்மயக்கம், தரவுத்தளத்தில் அவ்வாறு தீராது. ஊர்ப்பெயருடன் வட்டம், மாவட்டம், புவி ஆள்கூறு ஆகியனவும் தனித்தனிப் புலங்களாக அமைதல் வேண்டும்.

மாவட்டப் பெயரும் நிலையானதன்று. திண்டுக்கல் 1985இல் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்டது. ஆகவே அதற்கு முந்தைய ஆவணங்களில் இம்மலைப்பகுதி மதுரை மாவட்டமாகவே காணப்படும். ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் இவ்வேறுபாடு உண்டு. ஆங்கிலாடே, நியூட்டன் ஆகியோர் 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வழியே வெளியிட்ட கல்திட்டைகள் பற்றிய நூல், பழனி மலையைப் 'புல்னி' என ஒலிக்கும் எழுத்துக்கூட்டலிலேயே குறிக்கிறது. இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் இட்டுத் தேடுவோர்க்கு அந்நூல் அகப்படாமற் போகலாம். பழைய வடிவங்களை மாற்றுப்பெயர்ப் புலத்தில் இணைத்துவைப்பது ஆய்வாளரின் கடமை. அப்புலத்தை வடிவமைப்பது உதவிப் பிரிவின் பணி.

எழுத்துருவும் ஒலிவடிவும்

தமிழ்த் தரவில் மிகுதியான இடர் விளைவது எழுத்துக் குறியாக்கத்திலேயாகும். ஒருங்குறியில் 'கொ' என்னும் எழுத்தை இருவகையாகச் சேமிக்க இயலும்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒரு முறை; கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எனினும் சீராக்கம் செய்யப்படாத கோப்பில் ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிட்டாது போகலாம். 'ஔ' என்பதை 'ஒ', 'ள' என இரண்டெழுத்தாகத் தட்டுவதோ உண்மையாகவே வேறு எழுத்துத் தொடர்; இயல்பான சீராக்கமும் அதனைத் திருத்தாது. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான பழைய தரவுகளின் நிலை இதனினும் கடினம். இவற்றை மாற்றித்தரும் நிரல்களை உதவிப் பிரிவினர் எழுதக்கூடும். மாற்றம் சரியா என்று பார்க்கத் தமிழறிந்தவர் கண் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. தரவைத் 'தூய்மை செய்தல்' என்பது உதவிப் பிரிவினரின் வழக்கமான பணி. 'மழை' என்பதை ஒருவர் 'மள' என ஒலித்தால், அதனைப் பிழையெனக் கருதித் திருத்திவிடும் நிரல் ஆய்வின் சான்றையே அழித்துவிடுகிறது. கேட்டபடி எழுதிய வடிவம், எழுத்து வழக்கு வடிவம், பொருள் ஆகிய மூன்றும் தனி நெடுவரிசைகளாக அமைவதோடு, முதல் நெடுவரிசையை எவரும் மாற்றலாகாது என்பதும் தொடக்கத்திலேயே எழுத்தில் உடன்படப்பட வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பின்னர், இப்பகுதியின் பயிர்ச் சொற்கள் மொழியியலார்க்கு மட்டுமன்றி வேளாண் துறையினர்க்கும் வேண்டப்படுவன ஆகியுள்ளன. இது பிரிவின் மீது கூடுதல் பொறுப்பைச் சுமத்துகிறது.

மலைமேல் உள்ள முன்மாதிரி

நெடுங்காலத் தரவுக்கான சான்றைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1899இல் நிறுவப்பெற்ற கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இந்திய வானியற்பியல் நிறுவனத்தால் எண்மமாக்கப்பட்டு ஆய்வாளர்க்கு வழங்கப்படுகின்றன. எடுத்தவர்கள் மறைந்த பின்னரும் அப்படங்கள் பயன்படுவதற்கு, படந்தோறும் நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருப்பதே முதற்காரணம். தமிழ்த்துறைகளின் கள ஒலிப்பதிவுகளிலோ பேசியவர் யார், எவ்வூர், எந்நாள் என்பன பெரும்பாலும் ஆய்வாளரின் நினைவில் மட்டுமே தங்கியிருக்கின்றன. அவர் ஓய்வு பெறும் நாளில் ஒலிநாடா எஞ்சுகிறது, தரவு எஞ்சுவதில்லை.

முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் 'சோத்கங்கா' களஞ்சியம் காத்துவருகிறது. ஆனால் ஆய்வேட்டின் பின்புலமாகிய ஒலிப்பதிவும் வினாநிரலும் அதில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. சமூக அறிவியல் தரவுகளுக்கு இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் தரவுச் சேவை உள்ளது. தமிழ்க் கள ஆய்வாளர் தம் பல்கலைக்கழக நூலகத்தின் வழியே இத்தகைய களஞ்சியம் ஒன்றைக் களத்திற்குச் செல்லும் முன்னரே தேர்ந்துகொள்ளுதல் நன்று. கோப்பின் வடிவமும் விளக்கத் தரவும் அத்தேர்வைப் பொறுத்தே அமையும்.

ஒப்புதல்

பழனிமலையில் பளியர் முதலிய பழங்குடியினரிடம் மருந்துத் தாவர வழக்குகளைக் கேட்டுப் பதியும்போது, ஒப்புதல் என்பது கையொப்பத்தோடு முடிவதில்லை. உயிரியற் பன்மயச் சட்டம் (2002) மரபறிவின் பயன்பாட்டையும் கருத்திற் கொள்கிறது. தரவைக் கண்டறிதல், அணுகுதல், பிறவற்றோடு இணைத்தல், மறுபயன்பாடு ஆகியவற்றை வலியுறுத்தும் 2016ஆம் ஆண்டின் 'ஃபேர்' நெறிகளுக்கு அடுத்து, தொல்குடியினரின் தரவுரிமையை முன்வைக்கும் 'கேர்' நெறிகள் 2019இல் வெளிவந்தன. எதனைத் திறந்துவைப்பது, எதனைக் காலவரையறையுடன் மூடிவைப்பது, பேசியவர் பின்னர் மனம் மாறினால் எவ்வாறு நீக்குவது ஆகியவற்றுக்குத் தொழில்நுட்ப வழி சொல்ல உதவிப் பிரிவால் இயலும். முடிவெடுக்கும் உரிமை அச்சமூகத்தினருடையது. அம்முடிவை அவர்கள் மொழியில் கேட்டு, அவர்கள் சொன்னபடியே பதிந்து, பிரிவினரிடம் ஒப்படைக்க வேண்டியவர் ஆய்வாளரே.