உங்களுக்குத் தெரியுமா? நாளுக்கு ஒரு நிமிட நடனம்

கொழும்பு பாமன்கடைச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறீர்கள். பக்கத்தில் நின்ற பெண் திடீரென்று ஆடத் தொடங்குகிறார். பரிஸ் நகரத்தவர் பலர் இப்படியொரு காட்சியை நேரிலேயே கண்டிருக்கிறார்கள்.

2015 ஜனவரி 7 ஆம் திகதி அங்கே 'ஷார்லி எப்தோ' பத்திரிகை அலுவலகத்தைத் தாக்கிய துப்பாக்கிதாரிகள் 12 பேரைக் கொன்றார்கள். ஒரு வாரம் கழித்து, 14 ஆம் திகதி, நடனக் கலைஞர் நாடியா வதோரி-கோத்தியே அதற்குத் தன் பதிலாக ஒரு நிமிடம் ஆடி அதைப் பதிவு செய்தார். மறுநாளும் ஆடினார். அதன்பின் நாள் தவறவில்லை, வருடங்கள் ஓடின. தெருவோரம், ரயில் நிலையம், கடை வாசல் என்று அன்றைக்கு எங்கே நிற்கிறாரோ அதுதான் மேடை. காணொளியை வெட்டி ஒட்டுவதில்லை. அன்றன்றே இணையத்தில் ஏற்றிவிடுவார். வழிப்போக்கர் சிலர் நின்று பார்ப்பார்கள், சிலர் திரும்பியும் பாராமல் போவார்கள்.

சொட்டும் நீர் கல்லைத் துளைக்கும் என்ற சீன வழக்குத்தான் அவருக்குத் துணை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்போமே, அதேதான்.

குண்டு வெடித்த மறுநாள் காலி வீதியில் இறங்கவே கால் கூசிய நாட்களைக் கொழும்பில் வாழ்ந்தவர்கள் மறக்கவில்லை. அதனாலேயே அந்த ஒரு நிமிடம் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது.