மண் ஈரக் கணக்கு மெமரி கார்டில் தொலைவது ஏன்?

சொட்டுநீர்ப் பாசனம் செய்யும் விவசாயிகள் சிலர், மண் ஈரப்பதத்தை அளக்கும் சிறிய கருவிகளை வயலில் வைத்திருக்கிறார்கள். பொறியியல் படிக்கும் பிள்ளைகளே அர்டுயினோ போர்டு, சென்சார், மெமரி கார்டு வாங்கிச் செய்து கொடுத்துவிடுகிறார்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஈரப்பதமும் வெப்பநிலையும் கார்டில் பதிவாகும். அறுவடை முடிந்து கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால், ஃபைல் திறக்க மறுக்கிறது. அல்லது ஃபைல் இருக்கிறது. அளவு 0 பைட் என்கிறது. மஞ்சள் போல ஒன்பது மாதம் நிற்கும் பயிரில் இது சிறிய இழப்பல்ல. போன போகத்தின் மண் ஈரத்தை இனி யாரும் அளக்க முடியாது. அடுத்த போகத்துக்கும் குத்துமதிப்பாகத்தான் தண்ணீர் விட வேண்டும்.

'கார்டு மட்டம்' என்று புதுக் கார்டு வாங்குவதுதான் பலரும் செய்வது. பெரும்பாலும் கோளாறு கார்டில் இல்லை; மின்சாரத்திலும் புரோகிராமிலும் இருக்கிறது.

போர்டு அனுப்பும் ஒவ்வொரு வரியும் உடனே கார்டில் ஏறிவிடாது. 512 பைட் சேரும் வரை போர்டின் நினைவகத்திலேயே காத்திருக்கும். ஒரு வரி 30 பைட் என்றால் சுமார் 17 வரி, அதாவது ஏறக்குறைய மூன்று மணி நேரக் கணக்கு. நடுவில் மின்சாரம் நின்றால் அது போயிற்று. அதைவிடப் பெரிய சிக்கல், ஃபைலின் அளவு கார்டின் அட்டவணையில் ஏறுவது ஃபைலை மூடும்போதுதான். மூட்டைகளைக் குடோனில் அடுக்கிவிட்டு, இருப்புப் பதிவேட்டில் எழுதாமல் விட்டதைப் போலத்தான். சரக்கு உள்ளே இருக்கும். கணக்கில் பூஜ்யம் என்று காட்டும். எனவே ஒவ்வொரு பதிவுக்கும் ஃபைலைத் திறந்து, எழுதி, மூடும்படி புரோகிராமை மாற்றச் சொல்லுங்கள். திறந்தே வைப்பதானால், வரிக்கு ஒருமுறை 'ஃப்ளஷ்' கட்டளை கொடுத்தாக வேண்டும். நாளுக்கு ஒரு ஃபைல் என்று வைத்தால், ஒன்று கெட்டாலும் மற்ற நாட்கள் பிழைக்க வாய்ப்பு அதிகம். ஃபைல் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது.

அடுத்தது மின்சாரம். வால்வைத் திறக்கும் ரிலேவுக்கும் இந்தக் கருவிக்கும் ஒரே பேட்டரி இருந்தால், வால்வு திறக்கும் நொடியில் வோல்டேஜ் சரியும். கார்டு எழுதிக்கொண்டிருக்கும் நேரமாக அது அமைந்தால் அட்டவணையே சிதைந்துவிடும். எழுதும்போது கார்டுக்கு 100 மில்லி ஆம்பியருக்கு மேலும் தேவைப்படலாம். கருவிக்குத் தனி பேட்டரி கொடுப்பதே நல்லது. கார்டு மாட்யூலின் மின் முனைகளுக்கு அருகில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பொருத்தினால் சிறு சரிவுகளைத் தாங்கும். கார்டு 3.3 வோல்ட்டில் இயங்குவது. யூனோ போர்டோ 5 வோல்ட். வோல்டேஜை மாற்றித் தரும் மாட்யூல் இல்லாமல் நேரடியாக இணைத்திருந்தால் கார்டு நிஜமாகவே கெட்டுப்போகும்.

வரிகளுக்கு நடுவே புரியாத எழுத்துகள் வருகிறதா? யூனோவின் நினைவகம் 2 கிலோபைட்தான். புரோகிராமில் நீளமான வாசகங்கள் நிறைந்திருந்தால் இடம் போதாமல் குப்பை எழுதும். வயர் தளர்வும் இதற்குக் காரணமாகலாம். பெட்டிக்குள் எறும்பு குடியேறியிருக்கிறதா, கார்டின் முனைகளில் ஈரம் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

64 ஜிபி கார்டு வேண்டவே வேண்டாம். ஒன்பது மாதக் கணக்கு 2 எம்பி-க்குள் அடங்கிவிடும். 32 ஜிபி-க்கு மேற்பட்ட கார்டுகள் வரும் எக்ஸ்ஃபேட் அமைப்பு அர்டுயினோவின் வழக்கமான எஸ்டி லைப்ரரிக்குப் புரியாது. கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது கார்டை உருவுவதும் கூடாது. பதிவை நிறுத்த ஒரு பட்டன் வைக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கெட்டுவிட்ட கார்டை, கம்ப்யூட்டர் கேட்டாலும் ஃபார்மேட் செய்யாதீர்கள். அதில் மேற்கொண்டு எதையும் எழுதவும் வேண்டாம். முதலில் கார்டு முழுவதையும் இமேஜ் ஃபைலாக நகல் எடுங்கள். பிறகு விண்டோஸில் 'செக்டிஸ்க்' ஓட்டினால், கணக்கில் ஏறாத பகுதிகள் 'சிஎச்கே' என்று முடியும் ஃபைல்களாக வெளிவரும். அவற்றை நோட்பேடில் திறந்து பார்க்கலாம். அதிலும் கிடைக்காவிட்டால், இலவசமாகக் கிடைக்கும் ஃபோட்டோரெக் மென்பொருளை அந்த நகலில் ஓட்டிப் பாருங்கள். பெயர் போட்டோவைச் சொன்னாலும் எழுத்து ஃபைல்களையும் மீட்டுத் தரும்.