உஷார்! ‘கிட்னி நார்மல்’ என்று சொல்லும் அந்த எண்ணை நம்பி இதயத்தை மறந்துவிடாதீர்கள்

கடைசியாக எடுத்த ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் பீரோவில் இருக்கும். எடுங்கள். இப்போதே. கிரியாட்டினின் வரிக்குப் பக்கத்தில் ‘ஈஜிஎஃப்ஆர்’ என்று, கிட்னி வடிகட்டும் திறனைச் சொல்லும் ஓர் எண் இருக்கிறதா? 60-க்கு மேல் இருந்தால் “கிட்னி நல்லா இருக்கு, இனி ஹார்ட்டுக்கும் பயமில்ல” என்று ஃபைலை மூடிவிடுகிறோம். மூடாதீர்கள்! அந்த எண்ணை யாரும் அளந்து எழுதவில்லை. கிரியாட்டினினை வைத்து ஒரு சூத்திரத்தில் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள்.

தெரிந்த ஓர் அம்மாவுக்கு நடந்தது இது. வயது 72. பல வருஷ சுகர். ஏற்கெனவே ஒல்லி, சமீபத்தில் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. கிரியாட்டினின் 0.9, ஈஜிஎஃப்ஆர் 68. மகனுக்குப் பரம நிம்மதி. முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கும். “நாள் பூரா நின்னுட்டே இருக்கேன்ல” என்று காரணத்தையும் அவரே சொல்லிக்கொண்டார். ஒரு ராத்திரி படுத்தால் மூச்சு முட்டியது. எழுந்து உட்கார்ந்தும் அடங்கவில்லை. எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஹார்ட் ஃபெயிலியர்! சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஏகத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. உடம்பு தேறிய பிறகு, சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு ரத்தப் பரிசோதனையை வைத்துக் கணக்குப் போட்டார்கள். 41 என்று வந்தது.

68 எங்கே, 41 எங்கே?

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை கரைந்துபோனவர்களுக்கு அது குறைவாகத்தான் உண்டாகும். கிட்னி சரியாக வடிகட்டாவிட்டாலும் ரத்தத்தில் சேர்வதற்குச் சரக்கே இருக்காது. சூத்திரத்துக்கு வயது தெரியும், ஆணா பெண்ணா என்பது தெரியும். எதிரே இருப்பவர் எலும்பும் தோலுமா, பயில்வானா என்பது தெரியாது! படுத்த படுக்கையாகக் கிடப்பவர், கால் எடுக்கப்பட்டவர், நாள்பட்ட நோயில் மெலிந்தவர்... இவர்களுக்கெல்லாம் அந்த எண் பொய்யாக ஆறுதல் சொல்லும். இந்தச் சூத்திரங்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய உடம்புகளை வைத்து உருவானவை என்பதையும் மனதில் வையுங்கள்.

தலைகீழாகவும் ஏமாற்றும். ஜிம்முக்குப் போகும் பையன் கிரியாட்டின் பவுடர் குடித்து, முந்தின நாள் மட்டனையும் ஒரு பிடி பிடித்திருந்தால், நல்ல கிட்னிக்கே எண் இறங்கிக் காட்டும். வீடே அழுதுகொண்டு உட்காரும். ஒரே ஒரு டெஸ்ட்டை வைத்து நாள்பட்ட கிட்னி நோய் என்று முடிவுகட்ட முடியாது. கோளாறு மூன்று மாதமாவது நீடிக்க வேண்டும்.

நடுத்தர உடம்புக்காரர்களுக்கும் இந்த எண் முன்னே பின்னே இருக்கும். 60 என்று அச்சாகியிருந்தால், உண்மை 45-ஆகவும் இருக்கலாம், 75-ஆகவும் இருக்கலாம்.

இதில் இதயம் எங்கே வந்தது என்கிறீர்களா? கிட்னி கெட்டவர்களில் பலர் டயாலிசிஸ் வரை போவதே இல்லை. அதற்கு முன்பே இதயம் அவர்களைக் கொண்டுபோய்விடுகிறது. கலிஃபோர்னியாவில் சுமார் 11 லட்சம் பேரை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார்கள்: ஈஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே இறங்க இறங்க, இதய நோயும் மரணமும் ஏறின. இதய ஆபத்தைக் கணிக்கும் பழைய ஃப்ரேமிங்ஹாம் ரிஸ்க் கணக்கில் கிட்னிக்கு இடமே இல்லை. அமெரிக்க இதய சங்கம் 2023-ல் கொண்டுவந்த ‘பிரிவென்ட்’ கணக்கில்தான் ஈஜிஎஃப்ஆரைச் சேர்த்தார்கள். நல்ல விஷயம். ஆனால் உள்ளே போகும் எண்ணே தப்பு என்றால்?

இன்னொன்று. இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஈஜிஎஃப்ஆர் நிஜமாகவே நன்றாக இருந்தாலும், சிறுநீரில் ஆல்புமின் கசிந்தால் இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமினைத் தாண்டினாலே மணி அடித்துவிட்டது என்று அர்த்தம். சுகர், பிபி இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டிய டெஸ்ட். எத்தனை வீட்டில் பார்க்கிறோம்?

இவற்றில் ஏதாவது இருந்தால் சும்மா இருக்காதீர்கள்:

சிறுநீரில் நுரை. அடங்காமல் நிற்கும் நுரை.

காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது.

தலையணையை உயர்த்தினால்தான் தூக்கம் வருகிறது.

மூன்று மாத்திரை போட்டும் பிபி இறங்கவில்லை.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சுவலி மட்டும் இல்லை. “வலி இல்லையே” என்று தேற்றிக்கொள்ளாதீர்கள்! சுகர்காரர்களுக்கு மாரடைப்பே வலிக்காமல் வரலாம்.

எடை குறைந்துகொண்டே போகிறது, கிரியாட்டினின் மட்டும் அசையவில்லை. எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான்.

டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: “சிறுநீர் ஆல்புமின் பார்க்கலாமா? சிஸ்டாட்டின் சி தேவைப்படுமா?” சிஸ்டாட்டின் சி-யும் முழு உண்மை சொல்லும் என்று நினைக்காதீர்கள். தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மாத்திரையும் புகைப்பழக்கமும் அதைக் கலைக்கும். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். மெடிக்கல் ஷாப் வலி மாத்திரையையும் சேர்த்து. ஆஞ்சியோவுக்குப் போகிறவர்கள், சாயம் ஏற்றுவதற்கு முன்பே கிட்னி விவரத்தைச் சொல்லிவிடுங்கள். முக்கியமாக, இதைப் படித்துவிட்டு பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்! சில பிபி மாத்திரைகளை ஆரம்பித்ததும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். பல சமயம் அது எதிர்பார்த்ததுதான். அதைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று டாக்டர் சொல்லட்டும்.