ஃபார்மட் போடச் சொல்கிறார்களா? உஷார்!

கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆகிறது என்று சொல்லி வாய் மூடுவதற்குள், "ஃபார்மட் போட்டுடலாம் சார், சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். ஃபார்மட் போட்டால் விண்டோஸ் புதிதாகும், அவ்வளவுதான். பிராசஸர் மேல் காய்ந்து கிடக்கும் பேஸ்ட் புதிதாகாது. பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்கை அடைத்திருக்கும் தூசி போகாது. போவது பிள்ளைகளின் போட்டோக்களும் கடையின் கணக்கு வழக்கும்தான். சில நாள் நன்றாக ஓடுவது போலத் தெரியும். அப்புறம் ஒரு கோடை மதியத்தில் அதே இடத்தில் வந்து நிற்கும்.

பல ஹேங்குகளுக்குக் காரணம் பிராசஸரின் சூடு. கோடையில் ஏன் அது கூடுகிறது? ஃபேன் என்ன சுற்று சுற்றினாலும், சுற்றியிருக்கும் காற்றைவிட பிராசஸரைக் குளிர்ச்சியாக்க அதனால் முடியாது. அறையின் சூட்டுக்கு மேல்தான் பிராசஸரின் சூடு ஏறி உட்காருகிறது. 25 டிகிரி அறையில் 75 டிகிரி காட்டும் பிராசஸர், அதே வேலையை 38 டிகிரி அறையில் செய்தால் ஏறக்குறைய 88-க்குப் போய்விடும். இப்போதைய இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் மொத்தமாக அணைந்துவிடும்.

இந்தக் காவல் எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்தினர், ஓடிக்கொண்டிருந்த பிராசஸர்களின் தலையிலிருந்து ஹீட்சிங்க்கைக் கழற்றி அதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். பென்டியம் 4 வேகம் குறைந்து ஓடிக்கொண்டே இருந்தது. பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் பிழைத்தது. ஏஎம்டி அத்லான் சில நொடிக்குள் 300 டிகிரியைத் தாண்டிக் கருகியே போனது. இன்றைய பிராசஸர் அப்படிக் கருகாது. அந்த நம்பிக்கையில்தான் பலரும் அது தரும் எச்சரிக்கையைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

எச்சரிக்கை எப்படி வரும்? கம்ப்யூட்டரைப் போட்டவுடன் நன்றாக ஓடி, நேரம் ஆக ஆக மந்தமாகி, ஃபேன் இரைச்சல் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் சூடு. பட்டென்று அணைந்து, உடனே போட்டால் மறுபடி அணைந்து, அரை மணி நேரம் கழித்துப் போட்டால் ஓடினாலும் முதல் சந்தேகம் சூட்டின் மேல். அடுத்தது, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி. மவுஸ் அசையவில்லை, கேப்ஸ் லாக் அழுத்தினால் அதன் விளக்குகூட மாறவில்லை, அதுவும் கம்ப்யூட்டர் சூடாவதற்கு முன்பே என்றால் ரேமையும் டிரைவரையும் பாருங்கள். மவுஸ் நகர்கிறது, ஆனால் ஒரு ஃபைல் திறக்க யுகமாகிறது, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறது என்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முக்கியமானதை முதலில் வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். இந்த நிலையில் ஃபார்மட் போடுவதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

ஊகம் வேண்டாம், அளந்தே பார்க்கலாம். கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள் பிராசஸரின் டிகிரியைக் காட்டும். சும்மா இருக்கும்போதே 70, 80 என்று நின்றால் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்ற வேண்டிய வேளை வந்துவிட்டது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்துவிட்டுத் திறவுங்கள். ஃபேன் இறக்கையில் தெரியும் தூசியைத் துடைத்துவிட்டு மூடுவதுதான் பலர் செய்வது. சிக்கல் ஃபேனுக்கு அடியில் இருக்கிறது. ஃபேனைத் தூக்கிப் பாருங்கள்: ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு மேல் தூசியும் முடியும் அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். நகத்தால் நெம்பினால் ஒரே பாளமாக உரிந்து வரும். ஃபேன் சுற்றத்தான் செய்கிறது, காற்று கீழே இறங்கவில்லை. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். வீட்டு வாக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள். அதன் முனையில் சேரும் நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்கும்.

ஹீட்சிங்க்கைக் கழற்றினால் தெர்மல் பேஸ்ட் புதிதாக வைத்தே ஆக வேண்டும். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் உண்டு. எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள், ஒவ்வொன்றும் கிளிக் என்று உட்கார வேண்டும். ஒன்று நழுவினாலும் கூலர் சாய்ந்து, புதுப் பேஸ்ட் வைத்தும் பயனில்லாமல் போகும். ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட்டில் வேறு ஆபத்து. காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொள்வதால் கூலரோடு பிராசஸரும் பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடானதும் அணைத்து, மெல்லத் திருகிக் கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

சூடெல்லாம் சரியாக இருந்தும் ஹேங் ஆகிறதா? இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு அந்த பிராசஸர்கள் சில தேய்ந்துபோவதை 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, வாரன்ட்டியை 2 ஆண்டு நீட்டித்தது. திருத்தம், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட்டாக வரும். ஏற்கெனவே தேய்ந்ததை அது மீட்காது, அதற்கு வாரன்ட்டியில் மாற்றித்தான் வாங்க வேண்டும். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் மதர்போர்டே படுத்துவிடலாம், யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

லேப்டாப்காரர்களுக்கு இன்னும் அவசரமான ஒன்று. மெத்தையிலும் தலையணையிலும் வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் மூடிக்கொள்ளும், சூடு பிராசஸரோடு பேட்டரியையும் சேர்த்துத் தின்னும். இப்போதே லேப்டாப்பைச் சமதளமான மேஜையில் வைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் ஆடினாலோ, டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ, பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே சார்ஜரைக் கழற்றி, அணைத்துவிடுங்கள். அமுக்கிப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், "இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்" என்று நினைக்காதீர்கள். பேட்டரி மாற்றும் வரை அதைச் சார்ஜில் போடவே கூடாது. கழற்றிய பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள்.