தங்கவயலைச் சைக்கிளில் சுற்றி வரலாம்

ஸ்பெயின் நாட்டின் தெருவெல் மாகாணத்தில் ஓஹோஸ் நெக்ரோஸ் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்ச் சுரங்கத்தின் இரும்புத் தாதுவை மத்தியதரைக் கடற்கரையிலுள்ள சகுந்தோ துறைமுகத்திற்குக் கொண்டுசெல்ல, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனி ரயில்பாதை ஒன்று போடப்பட்டது. பின்னர் ரயில் நின்றது; சுரங்கமும் மூடப்பட்டது. தண்டவாளம் அகற்றப்பட்ட அந்தத் தடத்தில் இன்று சைக்கிள்கள் ஓடுகின்றன. மேட்டுநிலத் தானிய வயல்கள், பைன் காடுகள், பாதாம் தோப்புகள், கடலை நெருங்கும்போது ஆரஞ்சுத் தோட்டங்கள் என நிலம் மாறிக்கொண்டே இறங்கும் அத்தடத்தின் நீளம் 150 கிலோமீட்டருக்கும் அதிகம். ‘பசுமை வழிகள்’ என்னும் திட்டத்தின்கீழ் 1993 முதல் ஸ்பெயின் இவ்வாறு மாற்றியமைத்த பழைய ரயில்தடங்கள் மொத்தம் 3,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன.

இதைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது, பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை செல்லும் 16 கிலோமீட்டர் ரயில்பாதை. கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்காகவே 1894-இல் திறக்கப்பட்ட பாதை அது. ஸ்பெயினில் ரயில் நின்றது, இங்கே நிற்கவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். அவர்களுடைய பிள்ளைகளை விடியலுக்கு முன்பே ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குச் செல்வது இப்போது அந்தப் பாதையின் பணி. ஆகவே தண்டவாளத்தை நாம் தொட வேண்டியதில்லை. அதன் இருமருங்கிலும் கிடக்கும் சாலைகளும் மண்தடங்களும் ஒரு நல்ல சைக்கிள் பயணத்திற்குப் போதுமானவை. நந்தி மலை ஏறி இறங்கிச் சலித்த பெங்களூர்ச் சைக்கிள் ஓட்டிகள், கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்த நிலத்தை இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூர் வெயிலில் பழகியவர்களுக்கு இவ்வூர்க் காலை நேரம் இனிக்கும். லவெல் என்னும் அயர்லாந்துப் படைவீரர் 1875-இல் இங்கே தங்கம் தேட உரிமம் பெற்றார். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத் தொழிலை நடத்தியது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினர். காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 1902-இல் மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 120 ஆண்டுகளில் இங்கே எடுக்கப்பட்ட தங்கம் ஏறத்தாழ 800 டன். அத்தனை தங்கம் எடுத்த ஊரில், நான் பணியாற்றிய கிளையில் எப்போதும் கூட்டம் மிகுந்திருந்த சாளரம் நகைக்கடன் சாளரம்தான்.

முதல் பயணத்தை கோரமண்டல் ரயில் நிலையத்தில் தொடங்கி, உரிகம், சாம்பியன் வழியாக மாரிகுப்பத்தில் முடிக்கலாம். தொலைவு பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் அரைநாள் ஒதுக்குங்கள். கப்பி சுழலாத இரும்புக் கோபுரங்கள், தொழிலாளர்கள் வாழ்ந்த, இன்றும் வாழ்கின்ற லைன் வீடுகள், ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பங்களாக்கள், தேவாலயங்கள், கோல்ஃப் மைதானம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். கார் கண்ணாடிக்குள்ளிருந்து பார்ப்பவருக்கு இவை பாழடைந்த கட்டடங்கள். சைக்கிளில் செல்பவரைத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் நிறுத்தி விசாரிப்பார். எந்த ஷாஃப்ட்டில் தாம் இறங்கினார், எந்த ஆண்டு பாறை வெடிப்பில் யார் போனார் என்பதையெல்லாம் அவர் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் வந்துவிடும்.

சாம்பியன் பகுதியில் இன்னொரு செய்தியையும் நினைவில் கொள்ளலாம். இயற்கையாகத் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகள் உலகில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்ட இடங்களுள் ஒன்று இந்தச் சுரங்கம். 1965-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்களுடன் சேர்ந்து, இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் அந்த ஆய்வை நடத்தினர். சற்றுத் தள்ளி, பெத்தபள்ளியில் எரிமலைச் சிதறல் பாறைகள் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகின்றன. 250 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாறைகள் அவை. சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கையால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். ஆனால் ஒரு துண்டும் பெயர்க்கக் கூடாது.

வழியெங்கும் கண்ணை இழுப்பவை சயனைடு மலைகள். தங்கம் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய கல்மாவை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கொட்டியதால் உருவான மேடுகளே ஊர்மக்கள் வழக்கில் மலைகளாயின. மழை அவற்றின் சரிவுகளில் ஆழ்ந்த வரிகளை அறுத்திருக்கிறது. மாலை வெயிலில் அவை பாலைவனக் குன்றுகள்போலத் தோன்றும். மலைச் சைக்கிள் ஓட்டுபவர் எவருக்கும் அந்தச் சரிவில் இறங்கிப் பார்க்கும் ஆசை எழும். அந்த ஆசையை அடக்கிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். சயனைடு வெயிலில் நாளடைவில் சிதைந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் மாவைப்போன்ற அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை அரித்ததும் சிலிக்காத் தூசியே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இத்தூசி வீடுகளுக்குள் வந்து படிவது இவ்வூராரின் நெடுநாள் துன்பம். மழைக்குப்பின் மேட்டின் மேற்பரப்பு உறுதியாகத் தோன்றினாலும் உள்ளே சேறு இருக்கும். கைவிடப்பட்ட ஷாஃப்ட்டுகளும் அருகில் உண்டு. நிலமோ பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் உடைமை. அனுமதியின்றி நுழைதல் முறையன்று. சாலையிலிருந்து பார்த்தாலே காட்சி முழுமையாகக் கிடைக்கிறது.

அந்தக் காட்சியும் நெடுங்காலம் நிலைக்காது. 13 கழிவு மேடுகள் அமைந்துள்ள சுமார் 1,003 ஏக்கர் நிலத்தில் எஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் முன்மொழிவுக்கு, 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதை நான் குறை கூறவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நள்ளிரவில் எழுந்து ரயிலேறும் ஊருக்கு உள்ளூரில் வேலை வருமானால் அதுவே முதன்மையானது. தூசி குறைந்தால் அதுவும் நன்மையே. ஆயினும் மேடுகளை எடுக்கும்போதே அவற்றைச் சுற்றி ஒரு தடத்தையும், மரம் வளர்த்துத் தூசி அடங்கச் செய்த ஒரே ஒரு மேட்டையும் விட்டுவைக்கலாம். பழைய ஷாஃப்ட்டுகளுக்கு வேலியும், வழிகாட்டிப் பலகைகளும் அமைக்க ஆகும் செலவு சுரங்கச் செலவில் ஒரு துளி. ஸ்பெயினில் தண்டவாளம் போனபின்னும் தடத்தின் நிலம் பொதுப் பயனுக்குக் கிடைத்ததால்தான் பாதை அமைந்தது. நிலம் துண்டு துண்டாகப் பிரிந்தபின் எந்தத் திட்டத்தாலும் அதை ஒட்டவைக்க முடியாது.

இரண்டாம் பயணம் நாட்டுப்புறத்திற்குரியது. மூன்றிலும் எனக்கு மிக விருப்பமானது. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வடகிழக்கே, கோடிலிங்கேசுவரர் கோயிலுக்காகப் பெயர்பெற்ற கம்மசந்திரா வழியாகப் பேத்தமங்களாவுக்குச் செல்ல வேண்டும். கோயிலின் 108 அடி லிங்கத்தைக் காணவரும் வாகனங்களால் அதுவரை சாலையில் நெரிசல் இருக்கும். அதன்பின் கேழ்வரகு வயல்கள், பட்டுப்புழுவுக்கான மல்பெரி, குச்சி நட்டுக் கட்டிய தக்காளிச் செடிகள், நடுநடுவே தைலமரத் தோப்புகள் எனச் சூழல் மாறிவிடும். பேத்தமங்களா ஏரி பாலாற்றின் குறுக்கே அமைந்தது. நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கர்நாடகத்தில் ஏறத்தாழ 93 கிலோமீட்டர் ஓடி, ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் நோக்கி வரும் அதே பாலாறு. சுரங்க நகரம் குடித்தது இந்த ஏரி நீரைத்தான். 1892-ஆம் ஆண்டின் சென்னை, மைசூர் நீர் ஒப்பந்தம் பாலாற்றையும் உள்ளடக்கியது என்பதைக் கரையில் நின்று நினைத்துப் பார்க்கலாம். மேலே ஒரு மதகு உயர்ந்தால் கீழே ஒரு மாவட்டம் கவலைப்பட்ட காலம் அது.

பேத்தமங்களாவிலிருந்து நேர்வடக்கே சென்றால் ஆவணி. நுளம்பர் காலத்து ராமலிங்கேசுவரர் கோயில் தொகுதி அங்கே இருக்கிறது. லவனும் குசனும் பிறந்த இடம் என்று ஊரார் சொல்லும் பாறைமலையும் அருகிலேயே உண்டு. மேலே சீதைக்குக் கோயில். சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு நடந்தே ஏற வேண்டும். போய்வர 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஆகும். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. ஆனால் சிறு சிறு மேடுகள் ஓயாமல் வருவதால், கியர் இல்லாத சைக்கிளில் திரும்பும்போது முழங்கால் முறையிடும்.

மூன்றாவது பயணம் பங்காருப்பேட்டையைத் தாண்டிப் பூதிகோட்டைக்கு. ஹைதர் அலி பிறந்த ஊர்; அருகில் மார்க்கண்டேயா அணை. கோடையில் நீர் குறைந்திருக்கும். தெற்கே காமசமுத்திரம் காட்டுப்பக்கம் யானை நடமாட்டம் இருப்பதால், அதிகாலையிலும் அந்திக்குப் பின்னும் அங்கே செல்லாதிருப்பது நலம்.

இத்தகைய பயணிகள் வந்தால் ஊருக்கு என்ன கிடைக்கும் என்பதே வங்கிக்காரனாகிய என் கேள்வி. தேநீர்க் கடை, உணவகம், இரண்டு அறை வாடகைக்கு விடும் வீடு, சைக்கிள் பழுதுபார்ப்பு, வாடகைச் சைக்கிள் ஆகிய எல்லாமே சிறு முதலீட்டில் தொடங்கக்கூடியவை. பிரதமரின் முத்ரா திட்டத்தில் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரையும், ‘கிஷோர்’ பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரையும் பிணையின்றிக் கடன் பெறலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. சைக்கிள் பயணி சனி, ஞாயிறுகளில்தான் வருவார். மாதத் தவணையோ விடுமுறை பார்ப்பதில்லை. எனவே முதலிலேயே பத்து சைக்கிள்களுக்கு விண்ணப்பிக்க வேண்டாம். ஏற்கெனவே பஞ்சர் கடையோ பெட்டிக்கடையோ நடத்துபவர் அதனுடன் இரண்டு மூன்று சைக்கிள்களைச் சேர்ப்பதே பாதுகாப்பானது. வார நாள் வருமானத்திலிருந்து தவணை கட்ட முடியுமா என்று கணக்கிட்டுவிட்டுக் கிளைக்கு வாருங்கள். ஓராண்டு வரவு செலவைக் கணக்கில் காட்டினால், அடுத்த கடனுக்கு அதுவே சான்றாகும்.

அதுவரை வருவோர் தம் சைக்கிளைத் தாமே கொண்டுவருவது நல்லது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற பருவம். மண்தடங்களின் ஓரத்தில் சீமைக்கருவேல முள் மிகுதி. ஆளுக்கு இரண்டு மாற்று டியூப்பும் காற்றடிக்கும் பம்ப்பும் வேண்டும். சயனைடு மேடுகளை ஒட்டிச் செல்லும்போது முகக்கவசம் அணியுங்கள். கடைகளில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் செல்லும். யூபிஐ வசதி பெரும்பாலான இடங்களில் உண்டு; ஆவணிக்குப் போகும்போது மட்டும் சட்டைப்பையில் சில்லறை இருக்கட்டும்.